தோயாத பாலும் எருக்குழியும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

திருப்புல்லாணிக்குத் தெற்கே, கடற்கரையை ஒட்டிய ஊர் ஒன்றில் இரண்டு கறவை மாடுகளும் கொஞ்சம் மிளகாய்க் கொல்லையும் வைத்திருப்பவன் நான். சென்ற ஆண்டு எங்கள் மாடு ஒன்றுக்கு மடிவீக்கம் கண்டு மூன்று நாள் ஊசி போட நேர்ந்தது. ஒரு வாரத்துக்குப் பாலை யாருக்கும் ஊற்றக் கூடாது என்று ஊசி போட்டவர் சொல்லிவிட்டுப் போனார். வீணாகிறதே என்ற ஆற்றாமையில் வீட்டில் ஒரு செம்புப் பாலைக் காய்ச்சி உறை ஊற்றி வைத்தார்கள். மறுநாள் காலையிலும் அது பாலாகவே இருந்தது; இன்னும் ஒரு கரண்டி மோர் விட்டும் தோயவில்லை. மடியிலிருந்த கிருமிக்குப் போட்ட மருந்து பாலோடு இறங்கி, உறைமோரில் இருந்த நுண்ணுயிரையும் வேலை செய்யவிடாமல் தடுத்துவிட்டது. மீதிப் பாலை எல்லாம் எருக்குழியில் கொட்டினோம். விற்காமல் விட்டதே பெரிய நேர்மை என்று அப்போது நினைத்தேன். அந்த எருதான் புரட்டாசியில் மிளகாய்க் கொல்லைக்குப் போயிற்று.

கால்நடை மருந்துகள் குறித்த சட்டமும் ஏறத்தாழ என்னைப் போலத்தான் யோசித்திருக்கிறது. 2012-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, மருந்து கொடுத்தபின் எத்தனை நாள் கழித்துப் பாலையும் முட்டையையும் இறைச்சியையும் உணவுக்குக் கொடுக்கலாம் என்று மருந்தின் மேலுறையிலேயே அச்சிட வேண்டும். உரிய ஆய்வு நடக்காத மருந்தென்றால் பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள். நல்ல விதிதான். ஆனால் அது மனிதன் வாய்க்குள் போவதை மட்டுமே கணக்கில் கொள்கிறது. அந்த 7 நாளும் மாடு போடும் சாணமும், பெய்யும் மூத்திரமும், கீழே கொட்டும் பாலும் எங்கே போகின்றன என்ற கேள்வி அதில் இல்லை.

இரண்டு மாட்டுக்காரனின் எருக்குழி சிறியது. என்னை உறுத்துவது லாரியில் வரும் கோழி எரு. முன்பெல்லாம் அறுவடை முடிந்த நிலங்களில் கீதாரிகள் என்னும் ஆட்டிடையர்கள் மந்தையை இரவில் அடைத்துக் கிடை போடுவார்கள்; ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் அங்கேயே மண்ணில் இறங்கும். இப்போது கிடை அரிதாகிவிட்டதால், மேற்கு மாவட்டப் பண்ணைகளிலிருந்து தார்ப்பாய் மூடிய லாரிகளில் கோழி எரு வந்து வரப்போரம் குவிகிறது. ஐப்பசி முதல் மழையில் அந்தக் குவியலின் அடியிலிருந்து கஷாய நிறத்தில் தண்ணீர் கசிந்து வாய்க்காலில் இறங்குவதைப் பல முறை நின்று பார்த்திருக்கிறேன். அந்த வாய்க்கால் எங்கள் ஊரணிக்குப் போகிறது. ஊரணி நிரம்பினால் மிச்சம் ஓடை வழியாக மன்னார் வளைகுடாவில் சேர்கிறது.

கோழிக்கோ மாட்டுக்கோ கொடுக்கும் டெட்ராசைக்ளின் போன்ற கிருமிக்கொல்லி மருந்துகளில் கணிசமான பங்கு உடம்பில் சிதையாமல் கழிவோடு வெளியேறிவிடும். பெனிசிலின் வகை ஓரளவு விரைவில் சிதையும். டெட்ராசைக்ளினும், என்ரோஃபுளோக்சசின் என்ற இன்னொரு கிருமிக்கொல்லியும் களிமண்ணைப் பற்றிக்கொண்டு வாரக்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில் நிற்கும். மண்ணில் தங்கும் அந்தச் சொற்ப அளவு கிருமிகளைக் கொல்லப் போதாது. மருந்தைத் தாங்கும் கிருமிகளைப் பொறுக்கி வளர்க்க மட்டும் போதும். அந்தத் தாங்கும் திறனை ஒரு கிருமி வேறு இனக் கிருமிக்கும் கைமாற்றிவிடும் என்பதால், ஊரணி மண்ணில் தொடங்குவது மருத்துவமனைக் கட்டில் வரை வந்து சேரலாம். மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்கும் கொலிஸ்டினைக் கால்நடைத் தீவனத்தில் சேர்ப்பதற்கு மத்திய அரசு 2019-இல் தடை விதித்ததும் இந்த அச்சத்தால்தான். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்னும் வலி மருந்து பிணத்தின் வழியாகப் போய்ப் பாறுக் கழுகுகளை அழித்த பிறகுதான், 2006-இல் கால்நடைகளுக்கான அந்த மருந்துக்குத் தடை வந்தது என்பதையும் இங்கே நினைவுபடுத்துகிறேன்.

இதே கடற்கரையில் வளரும் இறாலைப் பாருங்கள். கப்பலேறும் இறாலில் நைட்ரோஃபியூரான், குளோராம்பெனிகால் ஆகிய கிருமிக்கொல்லிகளின் எச்சம் இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். இருந்தால் சரக்குத் திரும்பி வந்துவிடும். வாங்குகிற வெளிநாட்டுக்காரன் கேட்கிறான், அதனால் சோதனை நடக்கிறது. எங்கள் ஊரணித் தண்ணீருக்கு வெளிநாட்டில் வாடிக்கையாளர் இல்லை. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாய் விளையும் மண்ணையும் இந்த நோக்கில் யாரும் வந்து கிண்டிப் பார்த்து நான் கண்டதில்லை.

கோழி எரு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாமல் இந்த மண்ணில் மிளகாய் தேறாது. மூடிவைத்து, கிளறிவிட்டு, நன்றாக மக்கவைத்தால் டெட்ராசைக்ளின் பெருமளவு குறையும். மற்ற சில மருந்துகள் அவ்வளவு எளிதில் குறைவதில்லை. ஆகவே எருவை விற்கும் பண்ணையே கடைசியாகக் கொடுத்த மருந்தின் பெயரையும் தேதியையும் ஒரு சீட்டில் எழுதி லாரியோடு அனுப்ப வேண்டும். மாவட்ட நிர்வாகம் புரட்டாசிக்கு முன் சில குவியல்களிலும், முதல் மழைக்குப் பின் சில ஊரணிகளிலும், ஓடை கடலில் சேரும் இடங்களிலும் மாதிரி எடுக்கச் செய்ய வேண்டும். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் சென்னையில் இருக்கிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் மண்டபத்திலேயே இருக்கிறது. எங்கள் ஊரில் மாதிரி எடுக்க வருகிறவர்கள் முதலில் என் எருக்குழியிலேயே தொடங்கலாம், தடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
மிளகாய் விவசாயி ஒருவர்,
திருப்புல்லாணி வட்டாரம், ராமநாதபுரம் மாவட்டம்.