மூணாவது டேர்ம் முடியுது, ஹிஸ்டரி வகுப்பு பத்தி கொஞ்சம் பேசணும்

அன்புள்ள அப்பா அம்மா எல்லாருக்கும், வீட்டுல இருக்கற தாத்தா ஆயாமார்களுக்கும் வணக்கம்.

தென்னாப்பிரிக்காவுல நம்ம தமிழ்ப் பள்ளியோட மூணாவது டேர்ம் நல்லபடியா முடிஞ்சுது. சின்னப் பிள்ளைங்க உயிர்மெய் எழுத்து வரைக்கும் வந்துட்டாங்க, குறள் ஒப்புவிக்கறதுல போன வருஷத்த விட நெறைய பேர் கலந்துக்கிட்டாங்க, செப்டம்பர் 24 ஹெரிடேஜ் டே (பாரம்பரிய தினம்) நிகழ்ச்சிக்கு சமையல்ல இருந்து நாற்காலி தூக்கி வைக்கற வரைக்கும் எத்தனையோ பேர் கை குடுத்தீங்க, எல்லாருக்கும் நன்றி. பீஸ் விஷயமா ஆபீஸ்ல இருந்து தனியா மெசேஜ் வரும். தமிழ் வாசிக்க கஷ்டமா இருக்கற வீடுகளுக்கு இதே கடிதத்த வாய்ஸ் நோட்டா பேசி அனுப்பியிருக்கேன், அதையே கேட்டுக்கலாம்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். கிரேட் 7, 8, 9 பிள்ளைங்களுக்கு சனிக்கிழமை காலையில நடக்கற ஆன்லைன் ஹிஸ்டரி வகுப்பு பத்தித்தான்.

அந்த வகுப்ப ஆன்லைன்லயே வச்சிருக்கறதுக்கு காரணம் உங்களுக்குத் தெரியும். இங்க டர்பன்லயே இருக்கற சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பிள்ளைங்க மட்டும்னா ஹால்லயே உட்கார வச்சிடலாம், ஆனா இப்ப ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவுல இருந்து, பீட்டர்மாரிட்ஸ்பர்க்ல இருந்து, கேப் டவுன்ல இருந்து கூட பிள்ளைங்க வர்றாங்க. காசு கட்டாத ஜூம் 40 நிமிஷத்துல கட் ஆயிடும், அதனால டீச்சர் பாடத்தையே 40 நிமிஷத்துக்குள்ள அடக்கிட்டாங்க. டேட்டா விக்கற விலைக்கு கேமரா போடச் சொல்லி யாரையும் நாங்க கட்டாயப்படுத்தறதில்ல, கரண்ட் போயிட்டா மறுநாள் வாட்ஸ்அப்ல பாடத்தோட சுருக்கம் வாய்ஸ் நோட்டா வந்துடும். இதெல்லாம் நாலஞ்சு வருஷமா தப்பு பண்ணி திருத்தி திருத்தி கண்டுபிடிச்ச வழிங்க.

டீச்சர் எப்படி பாடம் எடுக்கறாங்கன்னு ஒரு தடவை நானும் உள்ள வந்து உட்கார்ந்து பார்த்தேன். கிரேட் 8 முதல் டேர்ம் சிலபஸ்லயே நேட்டால் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியா வந்தவங்க கதை இருக்கு, 1860 நவம்பர் 16ஆம் தேதி மெட்ராஸ்ல இருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்து சேர்ந்தது, 1911 வரைக்கும் 1,52,184 பேர் வந்தாங்கன்னு. டெக்ஸ்ட்புக்ல அது ரெண்டு மூணு பக்கத்துல முடிஞ்சிடும். டீச்சர் என்ன பண்ணாங்கன்னா கப்பல் லிஸ்ட்ல இருந்து ஒரே ஒரு வரிய எடுத்து ஸ்கிரீன்ல போட்டாங்க. ஒரு நம்பர், ஒரு பேர், அப்பா பேர், வயசு, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், எத்தனை உயரம், உடம்புல என்ன அடையாளம். அவ்வளவுதான். அதுக்கப்புறம் அவங்க எதுவும் விளக்கல, கேள்வி மட்டும் கேட்டாங்க. இதுல அம்மா பேர் ஏன் இல்ல? உடம்புல இருக்கற தழும்ப எதுக்கு எழுதி வச்சாங்க? ஒரு பையன் ரொம்ப நேரம் கழிச்சு, "ஓடிப் போனா கண்டுபிடிக்கறதுக்கா மிஸ்?"ன்னு கேட்டான். அந்த ஒரு கேள்விக்காக எத்தனை மணி நேரம் வேணும்னாலும் பாடம் எடுக்கலாம்னு எனக்குத் தோணுச்சு.

அடுத்த கேள்வி, வாசிக்கத் தெரியாத ஒரு ஒப்பந்தப் பேப்பர்ல ஒருத்தர் ஏன் கைநாட்டு வைக்கணும். டீச்சர் ஒரு பொண்ணு பேரச் சொல்லி கேட்டாங்க, பொண்ணு ம்யூட்ட எடுத்தா, பேசல, யோசிக்கறா. நாலஞ்சு செகண்ட்தான் இருக்கும். பின்னாடி இருந்து ஒரு பெரியவங்க குரல், மெதுவா, "வறுமைன்னு சொல்லு, வறுமை". பொண்ணும் "வறுமை மிஸ்"ன்னு சொல்லிட்டு ம்யூட் போட்டுட்டா. அதோட அந்தக் கேள்வி செத்துப் போச்சு.

வறுமை தப்பான பதில் இல்ல. 1876ல இருந்து 78 வரைக்கும் மெட்ராஸ் மாகாணத்துல வந்த பஞ்சத்த யார் மறுக்க முடியும். ஆனா அந்தப் பொண்ணு வேற என்னத்தையோ யோசிச்சிட்டு இருந்தா, அது என்னன்னு இனிமே யாருக்கும் தெரியாது. கிளாஸ்ரூம்னா டீச்சருக்கு பிள்ளையோட முகம் தெரியும், கண்ணு எங்க போகுதுன்னு தெரியும், பென்சில கடிக்குதா ஜன்னல பார்க்குதான்னு தெரியும். ஆன்லைன்ல கேமராவும் இல்லாம இருக்கறப்போ டீச்சர் கையில இருக்கறது அந்தப் பிள்ளையோட குரலும், குரல் வர்றதுக்கு முன்னாடி இருக்கற அமைதியும்தான். அந்த அமைதிய நீங்க நிரப்பிட்டீங்கன்னா அவங்க யாருக்கு பாடம் எடுக்கறாங்கன்னு அவங்களுக்கே தெரியாமப் போயிடுது. ஒரு தடவை ரெண்டு தடவைன்னா நான் இத எழுத மாட்டேன், எல்லா சனிக்கிழமையும் நடக்குது, சில வீட்டுல அப்பா, சில வீட்டுல அக்கா.

இதவிட மனசுக்கு கஷ்டமா இருந்தது ப்ராஜெக்ட். கிரேட் 9க்கு ஸ்கூல் சிலபஸ்லயே ஓரல் ஹிஸ்டரி ப்ராஜெக்ட் இருக்கு, பெரியவங்க கிட்ட போய் நிறவெறிக் காலத்துல எப்படி வாழ்ந்தாங்கன்னு கேட்டு எழுதணும். நம்ம டீச்சர் அதையே கொஞ்சம் சுலபமாக்கி மூணு கிரேடுக்கும் குடுத்தாங்க. வீட்டுல மூத்தவங்க ஒருத்தர் கிட்ட அஞ்சு கேள்வி கேளு, போன்ல ரெக்கார்ட் பண்ணு, பத்து நிமிஷம் போதும், தமிழும் இங்கிலீஷும் கலந்து பேசினாலும் பரவாயில்ல. அவ்வளவுதான் ப்ராஜெக்ட்.

வந்ததுல 11 பிள்ளைங்க ரெக்கார்டிங்கே அனுப்பல, டைப் பண்ண பேப்பர் அனுப்பினாங்க. அதுல பாதி பேப்பர் ஒரே மாதிரி, 1893 ஜூன் 7 அன்னைக்கு காந்திய பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷன்ல ரயில்ல இருந்து இறக்கி விட்டதுல ஆரம்பிச்சு அதே வார்த்தை, அதே கமா. காந்தி கதை நிஜம்தான், ஆனா அது உங்க ஆயா சொன்ன கதை இல்லையே. ஒரு பேப்பர்ல "எங்கள் சாட்ஸ்வர்த்"னு தலைப்பு போட்டு உள்ள இங்கிலாந்துல அதே பேர்ல இருக்கற பிரபு வீட்டு மாளிகைய பத்தி ஒரு பக்கம் இருந்தது. அந்தப் பிள்ளை வீடு இருக்கறதே சாட்ஸ்வர்த்லதான், ஆயாவும் அதே வீட்டுலதான் இருக்காங்க. யாருன்னு நான் சொல்ல மாட்டேன், அவங்கள சங்கடப்படுத்தறது என் நோக்கம் இல்ல. ஆனா அந்தப் பேப்பர படிச்சிட்டு அன்னைக்கு ராத்திரி எனக்கு சரியா தூக்கம் வரல.

ஏன் இப்படி ஆகுதுன்னு எனக்குப் புரியாம இல்ல. வேலை முடிஞ்சு வீட்டுக்கு வர்றதே லேட்டு, பிள்ளை ஞாயித்துக்கிழமை ராத்திரி ஒம்பது மணிக்கு "நாளைக்கு அனுப்பணும்"னு நிக்குது, பிள்ளைக்குத் தமிழ் தடுமாறுது, ஆயாவுக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது, கேட்டா "எனக்கு என்ன தெரியும், நான் படிக்காதவ"ன்னு ஆயாவே ஒதுங்கிடறாங்க. மார்க் குறைஞ்சிடுமோன்னு உங்களுக்கு பயம். இன்னொன்னும் இருக்கு, நாம வெளிய பேசறதில்ல. எங்க வீட்டு ட்ரங்க் பெட்டியில என் கொள்ளுத்தாத்தாவோட ஒப்பந்தப் பேப்பர் இருந்தது, எங்கம்மா அத யாருக்கும் காட்டினதே இல்ல, அதுல இருந்த கூலிங்கற அந்த ஒரு வார்த்தைக்காக. அந்த வெட்கம் இன்னும் எத்தனையோ வீட்டுல இருக்கு. ஆனா இதையும் பாருங்க, 1871ல இங்க இருந்து திரும்பிப் போன முதல் ஆட்கள் மெட்ராஸ்ல இறங்கி, அடிச்சாங்க, கூலி குடுக்கலன்னு வாயால சொன்ன புகார்னாலதான் 1872ல நேட்டால்ல விசாரணைக் கமிஷன் வச்சாங்க, 1866ல நின்ன ஒப்பந்த ஆள் ஏத்தற கப்பல் 1874 வரைக்கும் திரும்ப ஓடல. எழுதப் படிக்கத் தெரியாதவங்க பேச்சு ஒரு கவர்மென்ட்டையே அசைச்சிருக்கு. படிக்காத ஆயா பேச்சுல ஹிஸ்டரி இருக்காதுன்னு நாம எப்படி சொல்லலாம்?

தமிழ்நாட்டுல இருந்து வேலைக்காக வந்து கொஞ்ச வருஷமா இங்க இருக்கற குடும்பங்கள்ல சிலர், எங்க பெரியவங்க யாரும் இங்க இல்லையே, நாங்க எப்படி பண்றதுன்னு கேட்டீங்க. தஞ்சாவூர்ல இருக்கற பாட்டிக்கு வாட்ஸ்அப் கால் போட்டு, உங்க ஊருக்கு கரண்ட் எப்ப வந்துச்சுன்னு கேட்டா போதும். தஞ்சாவூரும் வட ஆற்காடும் செங்கல்பட்டும் அந்தக் கப்பல் லிஸ்ட்ல திரும்பத் திரும்ப வர்ற ஜில்லாதான், உங்க பாட்டி பேசறதக் கேக்க எங்க பிள்ளைங்களுக்கும் ஆசையா இருக்கும்.

இப்ப கொஞ்சம் கண்டிப்பா ஒரு விஷயம் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. நாலாவது டேர்ம்ல இருந்து ஹிஸ்டரி வகுப்பு நடக்கற 40 நிமிஷமும் பெரியவங்க யாரும் பிள்ளை பக்கத்துல உட்காரக் கூடாது. ஒரே ரூம் வீடுன்னா பிள்ளை இயர்போன் போட்டுக்கட்டும், நீங்க உங்க வேலைய பாருங்க. பின்னாடி இருந்து பதில் வந்தா டீச்சர் அந்தக் கேள்விய விட்டுட்டு வேற கேள்வி கேப்பாங்க, எத்தனை தடவை ஆனாலும். டைப் பண்ண பேப்பர் வந்தா திருப்பி அனுப்பிடுவோம், மார்க் கிடையாது, அது யார் வீட்டுப் பிள்ளையா இருந்தாலும், கமிட்டியில இருக்கறவங்க பிள்ளையா இருந்தாலும். இந்த டேர்ம் பேப்பர் அனுப்பின 11 பேருக்கும் இன்னொரு வாய்ப்பு உண்டு, நாலாவது டேர்ம் ரெண்டாவது சனிக்கிழமைக்குள்ள ரெக்கார்டிங் அனுப்பினா முழு மார்க்குக்கும் திருத்துவாங்க. அதுக்கப்புறம் எனக்கு போன் பண்ணி கேக்காதீங்க, என் பதில் மாறாது.

கண்டிப்பா பேசிட்டேன். வந்த ரெக்கார்டிங் பத்தியும் சொல்லணும், ஏன்னா ஒழுங்கா பண்ணின வீடுகளும் நெறைய இருக்கு. கிரேட் 7ல ஒரு பொண்ணு அவங்க ஆயா கிட்ட பேசினத ஆயாவோட அனுமதி வாங்கி வகுப்புல போட்டுக் காட்டினாங்க. ஆயா மேகசின் பாரக்ஸ்ல பொறந்தவங்க, டர்பன் கார்ப்பரேஷன்ல வேலை பார்த்தவங்க குடும்பமெல்லாம் இருந்த இடம் அது. எல்லா வீட்டுக்கும் பொதுவா இருந்த குழாயில தண்ணி பிடிக்க நின்னது, மாரியம்மன் கோயிலுக்கு கூழ் ஊத்தினது எல்லாம் சிரிச்சிட்டே சொல்றாங்க. அப்புறம் பொண்ணு கேக்குது, "சாட்ஸ்வர்த்துக்கு வந்த அன்னைக்கு என்ன எடுத்துட்டு வந்தீங்க ஆயா?" பதில் இல்ல. ரெக்கார்டிங்ல ரொம்ப நேரம் ஒண்ணுமே இல்ல, தூரத்துல ஒரு நாய் குரைக்குது, யாரோ கதவ சாத்தறாங்க. பொண்ணு ஒரு வார்த்தை பேசல, அப்படியே காத்துக்கிட்டு இருக்கு. அப்புறம் ஆயா, "ஒரு முருங்கைக் கிளை, ஈரத் துணியில சுத்தி. எங்கம்மா மடியில வச்சிக்கிட்டு லாரியில வந்தாங்க"ன்னு சொல்றாங்க.

அது முடிஞ்சதும், அதுவரைக்கும் ஒரு தடவை கூட ம்யூட்ட எடுக்காத மூணு பிள்ளைங்க ஒரே நேரத்துல பேச ஆரம்பிச்சாங்க. எங்க வீட்டுலயும் முருங்கை இருக்கு மிஸ், எங்க வீட்டுலயும்னு. டீச்சர் அங்க இருந்துதான் 1950 குரூப் ஏரியாஸ் ஆக்ட்ட ஆரம்பிச்சாங்க. யார் எங்க குடியிருக்கணும்னு தோல் நிறத்த வச்சு கவர்மென்ட் எப்படி முடிவு பண்ணுச்சு, 1960கள்ல டர்பன் கேட்டோ மேனர்ல இருந்தும் பாரக்ஸ்ல இருந்தும் எத்தனை குடும்பம் இங்க வந்து இறங்குச்சுன்னு. அன்னைக்கு 40 நிமிஷம் முடிஞ்சு ஜூம் கட் ஆயிட்டது, பிள்ளைங்க அவங்களாவே திரும்ப லிங்க் போட்டு உள்ள வந்துட்டாங்க.

அந்த ஆயாவுக்கும், பொறுமையா போன பிடிச்சிட்டு இருந்த அந்தப் பிள்ளைக்கும், இந்த டேர்ம் பேசிக் குடுத்த எல்லாப் பெரியவங்களுக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. சனிக்கிழமை காலையில தூங்கற பிள்ளைய எழுப்பி, இருக்கற டேட்டாவ எல்லாம் இந்த வகுப்புக்கு ஒதுக்கற உங்களுக்கும் நன்றி, அது எவ்வளவு சிரமம்னு எனக்குத் தெரியும். பக்கத்துல உட்கார்ந்து பதில் சொல்லிக் குடுத்ததும் பிள்ளை மேல இருக்கற பாசத்துலதான்னும் தெரியும்.

நாலாவது டேர்ம் ஸ்கூல் திறந்து வர்ற முதல் சனிக்கிழமை காலையில 9.30க்கு வகுப்பு, அதே லிங்க். கப்பல் லிஸ்ட்ல குடும்பப் பேர் தேடிப் பார்க்க விரும்பறவங்க வீட்டுல பழைய பேப்பர், கல்யாணப் பத்திரம், எதுல அந்தக் கப்பல் லிஸ்ட் நம்பர் இருந்தாலும் போட்டோ எடுத்து டீச்சருக்கு அனுப்புங்க, லீவுல அவங்க உட்கார்ந்து பார்த்துத் தர்றேன்னு சொல்லியிருக்காங்க. அந்தக் காலத்து வெள்ளைக்காரக் கிளார்க்குங்க நம்ம பேர காதுல விழுந்த மாதிரி எழுதி வச்சிருக்காங்க, அதனால ஒரே பேர நாலு விதமா தேடணும், உடனே கிடைக்கலன்னு விட்டுடாதீங்க.

அன்புடன்,
உங்கள் தலைமையாசிரியை

பி.கு.: ஆயா கையில போன குடுக்கறதுக்கு முன்னாடி சார்ஜ் இருக்கான்னு பார்த்துக்கோங்க. ரெண்டு ரெக்கார்டிங் நல்ல இடத்துல பாதியில நின்னுபோச்சு, அந்த ரெண்டு வீட்டுக்கும் டீச்சரே போன் பண்ணி மிச்சத்த கேட்டுக்கறேன்னு சொல்லியிருக்காங்க.