சனிக்கிழமைக்கு முன் இதைப் படித்துவிடு

பாப்பா,

உன் பல்வலியைப் பற்றி நேற்று போனில் நீ சொன்ன அடையாளங்கள் எல்லாம் ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன. ஐஸ் தண்ணீர் பட்டதும் ஒரு நொடி கூசி அடங்குவது வேறு, குடித்து முடித்த பிறகும் இரண்டு மூன்று நிமிஷம் விண்விண்ணென்று தெறிப்பது வேறு. உனக்கு இருப்பது இரண்டாவது. ராத்திரி படுத்தால் கூடுகிறது, எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தணிகிறது, காதுக்குள் குடைகிறது என்கிறாய். பல்லுக்குள்ளே நரம்பும் ரத்தக் குழாயும் கலந்த சதை வீங்கியிருக்கிறது. கன்னமோ விரலோ வீங்கினால் வீக்கம் வெளியே தள்ளிக்கொள்ள இடம் இருக்கும். பல்லுக்குள் நாலாபுறமும் கெட்டிச் சுவர். வீங்க இடமில்லாததால் அழுத்தம் ஏறுகிறது. படுத்தால் தலைப்பக்கம் ரத்தம் கூடி இன்னும் ஏறுகிறது. சனிக்கிழமை வரைக்கும் இரண்டு தலையணை வைத்துப் படு. இந்த நிலைக்கு வந்த சதை தானாக ஆறாது. ரூட் கெனால், அதாவது அந்தச் சதையை எடுத்துவிட்டு வேருக்குள் ஓடும் கால்வாய்களைச் சுத்தம் செய்து அடைப்பது, வேண்டும் என்று உன் டாக்டர் சொன்னது சரி.

நீ கேட்டது ஒன்றே ஒன்று: எவ்வளவு வலிக்கும்? இப்போது ராத்திரியில் நீ படுகிற வலியைவிடக் குறைவாகத்தான் வலிக்கும். இது ஆறுதலுக்குச் சொல்வதில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2011ல் வந்த ஒரு தொகுப்பு இருக்கிறது. சிகிச்சைக்கு முன்னால் 100 பேரில் 81 பேருக்கு வலி இருந்தது. சிகிச்சை முடிந்து 24 மணி நேரத்தில் அது 40 ஆனது, ஒரு வாரத்தில் 11 ஆனது. வலியின் கடுமையை 100க்கு அளந்தபோது, முன்னால் 54 இருந்தது மறுநாள் 24க்கும் ஒரு வாரத்தில் 5க்கும் இறங்கியது. ஆனால் வலி என்பது இங்கே ஒன்றில்லை, நாலைந்து வகை. எது வந்து போகிற வலி, எதை உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஊசி. மேல்தாடை எலும்பு மெல்லியது, பல்லுக்குப் பக்கத்தில் போட்டாலே மருந்து ஊறி உள்ளே போய்விடும். உன் பல் கீழ்க் கடைவாய்ப் பல். அங்கே எலும்பு தடிமன், மருந்து ஊறாது. அதனால் வாயின் பின்கோடியில், தாடை எலும்புக்குள் நரம்பு நுழைகிற இடத்துக்குப் பக்கத்தில் போடுவார்கள். ஊசி நீளமாக இருக்கும், அதைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொள். முதலில் மரத்துப்போகும் ஜெல் தடவி ஒரு நிமிஷம் விடுவார்கள். குத்துவது ஒரு சுருக். அதற்குப் பிறகு தெரிகிற எரிச்சல், மருந்தை வேகமாக ஏற்றினால் கூடும். “மெதுவாகப் போடுங்கள் டாக்டர்” என்று கேட்பதில் தவறே இல்லை. ஒன்றரை மில்லி மருந்துக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டால் அவ்வளவாகத் தெரியாது. சில சமயம் நாக்கிலோ உதட்டிலோ கரண்ட் அடித்தது போல ஒரு சுரீர் வரும். ஊசிமுனை நரம்பைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். துள்ளாமல் “ம்” என்று சத்தம் கொடு, அவர் ஊசியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொள்வார். மருந்தோடு அட்ரினலினும் கலந்திருப்பதால் ஓரிரு நிமிஷம் நெஞ்சு படபடக்கலாம். அது ஒவ்வாமை இல்லை, தானாக அடங்கும்.

இனி வருவதை இரண்டு முறை படி. பத்துப் பதினைந்து நிமிஷத்தில் கீழுதடு தடித்து மரத்துவிடும். உதடு மரத்தால் பல்லும் மரத்துவிட்டது என்று நினைக்காதே. உன் பல்லைப் போலக் கொதித்துக்கொண்டிருக்கும் கீழ்க் கடைவாய்ப் பல்லில்தான் ஊசி அதிகமாக ஏமாற்றும். வீங்கிய சதையில் நரம்பு கடுமையாக உசுப்பப்பட்டிருப்பதால், சாதாரண அளவு மருந்துக்கு அது மடங்காது. இது உன் டாக்டரின் கைக்குறை இல்லை, உன் பயத்தாலும் இல்லை. நல்ல டாக்டர் பல்லில் குளிர் வைத்துச் சோதித்துவிட்டுத்தான் டிரில்லைக் கையில் எடுப்பார். அவர் செய்யவில்லை என்றால் நீயே கேள்: “பல் மரத்திருக்கிறதா என்று பார்த்துவிடுகிறீர்களா?”

மரத்திருக்காவிட்டால் அவரிடம் வேறு வழிகள் உண்டு. பல்லின் வெளிப்புற ஈறில் ஆர்ட்டிகெயின் என்ற இன்னொரு மரத்துப்போகும் மருந்தைப் போடலாம். பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே இருக்கும் நாரிழையில் மெல்லிய ஊசியால் அழுத்திப் போடலாம். அது பெரும்பாலும் வலியாகத் தெரியாது, பல்லை நெருக்குவது போல இருபது முப்பது விநாடி தெரியும். அதற்கும் அடங்காவிட்டால் கடைசி வழி, பல்லைத் திறந்து அந்த நரம்புக்குள்ளேயே போடுவது. சிகிச்சை முழுவதிலும் மிகக் கூர்மையான வலி இதுதான். உண்மையாகவே வலிக்கும். ஆனால் நீ பத்து எண்ணி முடிப்பதற்குள் முடிந்துவிடும், பிறகு அந்தப் பல்லில் ஒன்றுமே தெரியாது. பாதிப் பேருக்கு மேல் இந்தக் கடைசி வழிவரை போக வேண்டி வராது. வந்தால் என்ன என்று தெரிந்திருப்பது நல்லது என்பதால் எழுதுகிறேன்.

சிறு வயதிலிருந்தே பொறுத்துக்கொள்கிற பிள்ளை என்று பெயர் எடுத்தவள் நீ. அந்த நாற்காலியில் அது வேண்டாம், கண்ணு. நீ பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் மருந்து பிடித்துவிட்டது என்று அவர் நினைப்பார். தொடங்குவதற்கு முன்பே சொல்லி வை: “வலித்தால் இடது கையைத் தூக்குவேன், நிறுத்துங்கள்.” வாய் திறந்திருக்கும்போது உனக்கு இருக்கிற ஒரே பேச்சு அந்தக் கைதான்.

மரத்த பிறகு பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் விரிப்பு மாட்டுவார்கள். அதைப் பிடிக்கிற கிளிப் ஈறைக் கவ்வும்போது கொஞ்சம் கிள்ளும், மறுநாள் அந்த இடத்து ஈறு புண்ணாகத் தெரியலாம். மூச்சு முட்டுமோ என்று பயப்படாதே, மூக்கால் நிதானமாக விடு. அந்த விரிப்பு இருப்பதால்தான் மருந்தும், கால்வாயைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் மெல்லிய கம்பியான ஃபைலும் தொண்டைக்குப் போகாமல் இருக்கின்றன. பிறகு டிரில்லின் அதிர்வு, தண்ணீர் உறிஞ்சும் சத்தம். உன் பல்லுக்குப் பெரும்பாலும் இரண்டு வேர், மூன்று கால்வாய் இருக்கும், சிலருக்கு நான்கு. ஒவ்வொன்றாக மெல்லிய ஃபைலை விட்டு நீளம் அளப்பார்கள், ஒரு கருவி பீப் அடிக்கும். ஃபைல் வேர்நுனியைத் தொடும் நொடியில் ஊசி முனையால் தொட்டது போல ஒரு துளி தெரியலாம். கழுவும்போது பிளீச்சிங் பவுடர் வாசனை வரும். அது சோடியம் ஹைப்போகுளோரைட், அழுகிய சதையைக் கரைத்துக் கிருமியைக் கொல்கிற மருந்து. வாய்க்குள் கசப்போ உப்போ தெரிந்தால் விரிப்பு எங்கோ கசிகிறது, கையைத் தூக்கு. மரத்திருக்கும்போதே திடீரென்று தீப்பட்டது போலப் பெரிய எரிச்சல் வந்தால், ஒரு நொடியும் தாமதிக்காமல் தூக்கு. மருந்து வேரைத் தாண்டி வெளியே போயிருக்கலாம். மிக அரிதுதான், ஆனால் அவருக்கு உடனே தெரிய வேண்டும்.

மூன்று கால்வாய் முடிய ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஆகும். பல்லைவிடத் தாடைதான் அன்றைக்கு அதிகம் ஓய்ந்துபோகும். கடித்துக்கொள்ள ரப்பர் கட்டை கேட்டு வாங்கிக்கொள், வாயைத் திறந்து பிடிக்கும் வேலையை அது செய்யும். ஒரே நாளில் முடிக்காமல் இரண்டு முறை வரச் சொன்னாலும் கவலைப்படாதே. முதல் நாள் அந்தச் சதையை எடுத்ததுமே ராத்திரிக் குடைச்சல் பெரும்பாலும் போய்விடும்.

உதடும் நாக்கும் தெளிய மூன்றிலிருந்து ஐந்து மணி நேரம் ஆகும், பல் அதற்கு முன்பே தெளிந்துவிடும். அதனால் மாத்திரையை வலி வந்த பிறகு தேடாதே, முன்கூட்டியே போட்டுவிடு. உனக்கு அல்சர், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு எதுவும் இல்லை, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரையும் எடுக்கவில்லை. அதனால் ஐபுபுரோஃபென் 400 மில்லிகிராம் உனக்குப் பொருந்தும். சாப்பாட்டுக்குப் பிறகு எட்டு மணி நேரத்துக்கு ஒன்று, நாளைக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். அது போதாவிட்டால் கூடவே பாராசிட்டமால் 650. இரண்டும் வேறு வேறு வழியில் வேலை செய்வதால், சேர்த்துப் போடும்போது தனித்தனியாகப் போடுவதைவிட நன்றாகக் கேட்கும். ஒன்று கவனி. காம்பிஃபிளாம் என்ற மாத்திரையில் ஐபுபுரோஃபென் 400, பாராசிட்டமால் 325 இரண்டும் ஏற்கெனவே இருக்கின்றன. அதைப் போட்டுவிட்டுத் தனியாக ஐபுபுரோஃபெனும் போடக் கூடாது. டாக்டர் கெட்டோரோலாக் என்ற வலி மாத்திரை எழுதிக் கொடுத்தால் அது இருக்கும்வரை ஐபுபுரோஃபென் பக்கமே போகாதே. இரண்டும் ஒரே குடும்பம், வயிற்றைக் கெடுக்கும்.

சதையை எடுத்த பிறகும் ஏன் வலிக்கிறது என்று கட்டாயம் கேட்பாய். பல்லுக்குள் இருந்த நரம்பைத்தான் எடுத்தார்கள். வேரைச் சுற்றி, பல்லை எலும்போடு பிடித்து வைத்திருக்கும் நாரிழைக்குத் தனி நரம்பு உண்டு. ஃபைலும் மருந்தும் வேர்நுனிவரை போய் வந்ததில் அந்த இடம் புண்பட்டிருக்கும். அதனால் வலியின் குணம் மாறும். பழைய விண்விண் இருக்காது. கடித்தாலும் தட்டினாலும் அடிபட்ட இடத்தைத் தொட்டது போல மந்தமாக நோகும். முதல் நாள் அதிகம், மூன்றாம் நாள் பாதி, ஒரு வாரத்தில் பெரும்பாலும் போய்விடும். அதற்குப் பிறகும் கெட்டியாகக் கடித்தால் லேசாகத் தெரிவது சில வாரம் இருக்கலாம். ஊசி போட்ட பக்கம் வாய் முழுதாகத் திறக்கவில்லை என்றால் அது தசைப்பிடிப்பு. மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான துணியால் வெளியே ஒற்றி, வாயை மெல்லத் திறந்து மூடினால் சரியாகும். கன்னத்தில் வீக்கம் இருந்தால் மட்டும் சூடு வைக்காதே. முதல் நாள் துணியில் சுற்றிய ஐஸ், கால் மணி வைத்துக் கால் மணி எடு.

பல பேரைத் தேவையில்லாமல் வாட்டுகிற வலி ஒன்று இருக்கிறது. வாயை மூடினால் மற்றப் பற்களுக்கு முன்னால் அந்தப் பல் முதலில் முட்டும், ஒவ்வொரு முறை முட்டும்போதும் சுள்ளென்று குத்தும். தற்காலிக அடைப்பு ஒரு மயிரிழை உயரமாக இருக்கிறது, அவ்வளவுதான். மரத்த வாயோடு கடித்துப் பார்த்ததால் அன்றைக்கு உனக்குத் தெரிந்திருக்காது. மாத்திரை இதற்குக் கேட்காது. திரும்பப் போனால் நீல மசித்தாளைக் கடிக்கச் சொல்லி, புள்ளி விழுந்த இடத்தைத் தேய்த்து விடுவார். ஐந்து நிமிஷ வேலை, அன்றைக்கே பெரிய வித்தியாசம் தெரியும். “ஊசி வேறு போட்டுக்கொள்ள வேண்டுமா” என்று ஒரு வாரம் தள்ளிப்போடாதே, இதற்கு ஊசியே வேண்டியதில்லை.

ஐஸ் தண்ணீருக்கு இனி அந்தப் பல் கூசக் கூடாது. சிகிச்சை எல்லாம் முடிந்த பிறகும் கூசினால், பக்கத்துப் பல்லாக இருக்கலாம், அல்லது கண்ணில் படாத ஒரு கால்வாய் மிச்சம் இருக்கலாம். அதைச் சொல்ல வேண்டும். குறைந்துகொண்டு வந்த வலி இரண்டாம் மூன்றாம் நாளில் திடீரென்று ஏறி, மாத்திரைக்கும் அடங்காமல் கன்னம் தடித்தாலும் போன் செய்து போ. திறந்து கழுவி அழுத்தத்தை இறக்குவார். அப்படி வந்தால் பல் போய்விட்டது என்று அர்த்தமில்லை. மருந்துக் கடையில் கேட்டு ஆன்டிபயாட்டிக் மட்டும் வாங்கி விழுங்காதே. அது வலி மாத்திரை இல்லை, காய்ச்சலோ பரவுகிற வீக்கமோ இருந்தால்தான் அதற்கு வேலை.

காய்ச்சல், தாடைக்குக் கீழேயோ நாக்கின் அடியிலோ வீக்கம், கண்ணை நோக்கி ஏறுகிற வீக்கம், எச்சில் விழுங்க முடியாமை, மூச்சுத் திணறல். இவற்றில் ஒன்று வந்தாலும் காலை வரை காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போ. அந்த நேரத்தில் எங்களைக் கேட்க வேண்டும் என்றுகூட இல்லை, போய்ச் சேர்ந்துவிட்டுச் சொல்.

கிராம்புத் தைலத்தை ஈறில் ஊற்றாதே, வெந்துவிடும். ஆஸ்பிரினைப் பொடித்து வைப்பதும் அப்படித்தான், வெள்ளையாக உரிந்து புதுப் புண் ஒன்று வரும். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை ஸ்பூன் உப்பு போட்டு, நாளைக்கு மூன்று நாலு தடவை கொப்பளித்தால் போதும்.

வலி போனதும் பல்லுக்கு மேல் போடுகிற மூடியான கேப்பை மறந்துவிடாதே, எனக்குப் பெரிய பயம் அதுதான். பல்லின் நடுவை வெட்டித் திறந்திருக்கிறார்கள், சுவர்தான் மிச்சம். கடைவாயில் விழுகிற பாரம் மிகப் பெரியது. ஒரு முறுக்கில் பல் வேர்வரை பிளந்தால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. டாக்டர் சொல்கிற நாளில், கூடியவரை ஒரு மாதத்துக்குள் போட்டுவிடு. அதுவரை அந்தப் பக்கம் கடிக்காதே. தற்காலிக அடைப்பு கொஞ்சம் தேய்ந்தால் பரவாயில்லை, முழுதாக விழுந்தால் அன்றைக்கே போய் வை. எச்சில் உள்ளே இறங்கினால் செய்த வேலை எல்லாம் வீண்.

சனிக்கிழமை உனக்குப் பத்து மணி. வெறும் வயிற்றோடு போகாதே, எட்டரைக்கு இட்லி சாப்பிடு. ஒன்பது மணிக்கு ஒரு ஐபுபுரோஃபென் போடு. முன்கூட்டியே போட்டால் மரத்துப்போகும் ஊசி நன்றாகப் பிடிக்கும் வாய்ப்பும் கூடுகிறது. வெள்ளிக்கிழமையே கிளினிக்குக்குப் போன் செய்து இதை டாக்டரிடம் சொல்லிவிடு. அடுத்தது சாயங்காலம் ஐந்து மணிக்கு. உதடு தெளிகிறவரை மெல்லாதே, கன்னத்தை நீயே கடித்துப் புண்ணாக்கிக்கொள்வாய். தெளிந்ததும் தயிர்சாதம், சிகிச்சை செய்யாத இடது பக்கம். ராத்திரி ஒன்பதுக்குக் கூப்பிடு. “பரவாயில்லைம்மா” என்று சொல்லாதே. பத்துக்கு எத்தனை, கடித்தால் வலிக்கிறதா, சும்மா இருக்கும்போதே வலிக்கிறதா, அதைச் சொல்.

அம்மா