நைரோபி சந்தைக்கு நாற்பது நிமிடமா?

கென்யாவுக்குத் தமிழ்க் குழுக்களை அழைத்து வரும் சுற்றுலா அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். உங்களில் ஒருவர் இந்தப் பருவத்துக்கு அச்சடித்த பயண அட்டவணை கைக்கு வந்தது. நைரோபிக்கு ஒரே நாள். காலையில் தேசியப் பூங்கா, பதினொரு மணிக்குக் காப்பகத்தில் யானைக்குட்டிகள், பிறகு ஒட்டகச்சிவிங்கி மையம், அருங்காட்சியகம். எல்லாம் முடிந்து மாலை 5.30 முதல் 6.10 வரை மசாய் மார்க்கெட் என்னும் திறந்தவெளிக் கைவினைச் சந்தை. முப்பது பேருக்கு நாற்பது நிமிடம். சென்ற ஆண்டு கேட்டதையே மறுபடியும் கேட்கிறோம்: சந்தைக்குப் பகல் வெளிச்சத்தில் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள்.

நைரோபி பூமத்திய ரேகைக்குப் பக்கத்து ஊர். ஆண்டு முழுவதும் ஆறரை மணியை ஒட்டி இருட்டிவிடும். ஐந்தரைக்கெல்லாம் தரையில் விரித்த துணிகளை மூட்டை கட்டத் தொடங்குகிறார்கள். அந்த மங்கலில் கருங்காலி என்று சொல்லி விற்கும் யானை பொம்மையை யாரால் சோதிக்க முடியும்? சாதா மரத்தில் கறுப்பு ஷூ பாலிஷ் தேய்த்து விற்பது அங்கே பழைய வித்தை. ஈரத்துணியால் அடிப்பக்கத்தை அழுத்தித் துடைத்தால் கறுப்பு துணியில் ஒட்டும். உண்மையான முபிங்கோ, அதாவது ஆப்பிரிக்கக் கருங்காலி, கையில் கனக்கும், தண்ணீரில் மூழ்கும். காயாத மரத்தில் குடைந்த கிண்ணமோ ஊருக்கு வந்து சில வாரங்களில் விளிம்பிலிருந்து வெடிக்கும்; அளவுக்கு மீறிய கனமும் தொட்டால் சில்லிடுவதும் அதன் அடையாளம். தபாகாவிலிருந்து வரும் கிசி மாவுக்கல்லில் மெலிந்த பகுதிகள்தான் முதலில் உடையும். தும்பிக்கை, கொம்பு, கால் இவற்றை விரலால் தடவி விரிசல் பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் வெளிச்சம் வேண்டும், நின்று பார்க்க நேரம் வேண்டும்.

கியோண்டோ கூடையைக் கொஞ்சம் கவனியுங்கள். கற்றாழை போன்ற செடியிலிருந்து எடுக்கும் சைசல் நாரைத் தொடையில் வைத்து உருட்டி முறுக்குகிறார்கள். அடியின் நடுவிலிருந்து தொடங்கி, வட்டம் வட்டமாக மேலே ஏற்றுகிறார்கள். ஒரு கூடை முடிய வாரக்கணக்கில் ஆகும். நைலான் நூல் கலந்த கூடை பளபளக்கும், வழுக்கும். சைசல் சொரசொரப்பாக இருக்கும், நார் வாசம் வீசும். இந்த வித்தியாசம் தெரியாமல் பேரம் பேசினால் நல்ல கூடைக்கும் மட்டமான கூடைக்கும் ஒரே விலைதான். முடைந்தவருக்கு அதைவிடப் பெரிய அநியாயம் உண்டா?

அவசரமாக வருபவரைக் கண்டால் புரோக்கருக்குக் கொண்டாட்டம். வேன் கதவு திறந்ததும் கையில் பையோடு கூடவே நடப்பார். பிடித்ததையெல்லாம் பையில் போடச் சொல்லி, கடைசியில் ஒரு காகிதத்தில் மொத்தத் தொகையை எழுதிக் காட்டுவார். எந்தப் பொருளுக்கு எவ்வளவு என்பதே தெரியாது. ஏறிய விலையில் அவர் பங்கு போக மீதிதான் துணி விரித்து உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு. நேரம் இருந்தால் உங்கள் பயணிகள் இரண்டு சுற்று நடந்து, விலை கேட்டு, பொருளுக்குப் பொருள் தனியாகப் பேசி, அந்தப் பெண்ணிடமே நேரடியாகப் பணம் கொடுப்பார்கள். சந்தையில் இருப்பவர்கள் எல்லோரும் கைவினைஞர்கள் அல்லர், வியாபாரிகளும் உண்டு. அதைக் கேட்டறியவும் நேரம்தானே வேண்டும்!

மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்குப் போகும் வழியில், கழிப்பறைக்காக என்று சொல்லி நிறுத்தும் சாலையோரக் கடைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குகிறீர்கள். அந்த நிறுத்தத்தில் யாருக்குக் கமிஷன் போகிறது என்பது உங்களுக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். பயணிக்குத்தான் தெரியாது. அதைச் சொல்லாமல் மறைப்பது தவறு. தந்தம், விலங்குத் தோல் எதையும் தொடக்கூடாது என்று பயணிகளை எச்சரிக்கக்கூட உங்கள் அட்டவணையில் ஒரு வரி இல்லை.

நேரம் இல்லை என்று சொல்லாதீர்கள். யானைக்குட்டிகளைக் காட்டும் நேரம் 11 முதல் 12 வரை, முன்பதிவு அவசியம். ஒட்டகச்சிவிங்கி மையம் அங்கிருந்து தூரமில்லை, அதே லங்காட்டா பக்கம்தான். ஒன்றரைக்குக் கிளம்பினால் மாலை நெரிசலுக்கு முன்பே நகருக்குள் வந்துவிடலாம். அருங்காட்சியகத்தை மறுநாள் காலைக்குத் தள்ளுங்கள், காலை எட்டரைக்கே திறக்கிறார்கள். சந்தை நாளுக்கு நாள் இடம் மாறும். வெள்ளி என்றால் கிகிரியில் வில்லேஜ் மார்க்கெட் வணிக வளாகம், சனி என்றால் உயர் நீதிமன்றத்தின் வாகன நிறுத்துமிடம். புறப்படும் முன் டிரைவரிடம் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். கல்லும் மரமும் கனம் கூட்டும் என்பதால் விமானப் பெட்டியில் ஐந்தாறு கிலோ இடம் விட்டு வரவும், பொதிய பழைய துணி எடுத்து வரவும் பயணிகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பிளாஸ்டிக் பைகள் வேண்டாம்; கென்யாவில் 2017 முதல் தடை.

சினம் சற்று மேலோங்கியிருந்தால் பொறுத்தருளுங்கள். அடுத்த அட்டவணையை அச்சுக்கு அனுப்பும் முன், மாலை 5.30 என்ற அந்த ஒரு வரியைப் பிற்பகல் 2 முதல் 5 வரை என்று மாற்றித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நைரோபியில் வாழும் தமிழர்கள் சிலர்