காது அளவு

மோன்பெலியே,
மே 27

அன்புள்ள மாப்பிள்ளை,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு மே மாதக் கடைசியில் பதில் எழுதுகிறேன். திட்டுவதை முதலில் திட்டி முடித்துவிடு. தங்கச்சியின் முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே மகளும் பேரன்களும் நலம். எனக்குச் சர்க்கரை தன் இஷ்டத்துக்கு ஏறி இறங்குகிறது. அவ்வளவுதான் என் சேதி.

"பிரான்சில் கடற்கரையில் காளி இருக்கிறாளாம், போய்ப் பார்த்து எழுது" என்று ஒரு பத்திரிகைத் துணுக்கை வெட்டி அனுப்பியிருந்தாயே, அது மேசை மீதே கிடந்து என்னை முறைத்தது. போன 24ஆம் தேதி போய்விட்டேன். ஆர்ல் வரைக்கும் ரயில், அங்கிருந்து பஸ். வழியெல்லாம் தண்ணீர் கட்டிய நெல் வயல்! பிரான்சில் காமார்க் பகுதியில் நெல் விளைகிறது என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். கொசுவும் விளைகிறது.

ஊரின் பெயர் சேந்த் மாரி த லா மேர். கடலில் துடுப்பும் பாயும் இல்லாத படகில் வந்து இறங்கியதாகச் சொல்லப்படும், பைபிளில் வரும் இரண்டு மரியாள்களின் ஊர். அவர்களோடு வந்த வேலைக்காரப் பெண் சாரா என்பது ஒரு கதை. இல்லை, கரையில் நின்று அவர்களை வரவேற்றவளே அவள்தான் என்பது இன்னொரு கதை. ஜிப்சிகள் என்று நாம் சொல்லும் ரோமானி மக்கள் இரண்டாவது கதையைத்தான் விரும்புகிறார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் விரும்புவேன். திருச்சபையின் புனிதர் பட்டியலில் சாரா இல்லை. அதைப் பற்றி அங்கே யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

கோட்டை மாதிரிக் கோவில். சாரா இருப்பது அடியில், நிலவறையில். உள்ளே போனால் நம் ஊர்ச் சூளை தோற்றுவிடும், அத்தனை மெழுகுவத்தி. புகை படிந்து கூரை கறுத்திருக்கிறது. வேண்டிக்கொண்டவர்கள் அங்கி மேல் அங்கியாகச் சாத்திச் சாத்தி அவள் உடம்பு பருத்து, கறுத்த முகம் மட்டும்தான் வெளியே தெரிகிறது. சேலை சாத்திய அம்மன் முன்னால் நிற்பது போலத்தான் இருந்தது. உன் காளிக்கு அந்த இடத்தில் ஒரு மார்க் போட்டேன்.

இன்னொரு அரை மார்க்கும் உண்டு. ரோமானி பாஷையில் 'காலி' என்றால் கறுத்தவள். நம் காளியின் பெயரும் அதே வடமொழி வேரிலிருந்து வந்ததுதான். தண்ணீருக்கு 'பானி' என்கிறார்கள், மூக்குக்கு 'நாக்'. 1965இல் இந்திப் பலகையில் தார் பூசிய உன் கை இதை எப்படித் தாங்குமோ! ஆனால் பெயர் ஒன்று என்பதற்காக தெய்வமும் ஒன்று என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளைக் கடலுக்குத் தூக்கிப் போகும் ஊர்வலமே 1935இல்தான் தொடங்கியது. பாரோன்செல்லி என்ற மாட்டுப் பண்ணைப் பிரபு ஒருவர் அவர்களுக்காகப் பேசி அனுமதி வாங்கித் தந்தாராம். மீதி மார்க் கிடையாது.

இனி, நான் எழுத வந்த விஷயம்.

நிலவறைப் படியெல்லாம் உருகிய மெழுகு. இறங்கும்போது கால் வழுக்கியது. பின்னால் கைக்குழந்தையோடு வந்த ஓர் இளம்பெண் என் தோளைப் பிடித்து நிறுத்தினாள். அந்தக் கணத்தில் என் கை எங்கே போனது தெரியுமா? சட்டைப் பைக்கு. பர்ஸ் இருக்கிறதா என்று பார்க்க. அவள் அதைப் பார்த்துவிட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. கையை எடுத்துக்கொண்டு குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டாள். மன்னிப்புக் கேட்க நான் பிரெஞ்சு தேடி முடிப்பதற்குள் கூட்டம் எங்களைப் பிரித்துவிட்டது.

மாப்பிள்ளை, வார்டனின் கைக்கடிகாரம் தொலைந்த அன்று விடுதியில் நாற்பது பெட்டி இருக்க, உன் பெட்டியைத்தான் முதலில் திறந்தார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஐம்பது வருடமாக அதைச் சொல்லி நாம் சிரித்துக்கொண்டிருக்கிறோம். நீ ஆரம்பித்து வைத்த சிரிப்பு, சரி. நான் கூடச் சேர்ந்திருக்கக் கூடாது.

பிற்பகலில் மேல் அறையிலிருந்து மரியாள்களின் எலும்புகள் இருப்பதாக நம்பும் பேழைகளைக் கயிற்றில் மெல்ல இறக்கினார்கள். தொட்டுவிட எல்லாருக்கும் துடிப்பு. பிறகு சாராவைத் தோளில் ஏற்றி, வெள்ளைக் குதிரைக்காரர்கள் காவலோடு கடலுக்குள் இறங்கினார்கள். 'வாழ்க புனித சாரா!' என்ற சத்தத்தில் அலை காதில் விழவில்லை. நானும் கத்தினேன்.

மணலில் மடக்கு நாற்காலியோடு ஒரு கிழவர். ரோமானிகளில் மனூஷ் பிரிவைச் சேர்ந்தவராம். பேசிக்கொண்டிருந்தோம். 1912இல் இங்கே ஒரு சட்டம். நாடோடிகளில் பதின்மூன்று வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் கையேடு வைத்திருக்க வேண்டும். அதில் புகைப்படம், கைரேகை, தலை, காது, கை, கால் அளவுகள். ஒவ்வொரு ஊருக்கு வரும்போதும் போகும்போதும் முத்திரை. அவருடைய அம்மா அதைத் துணியில் சுற்றி இடுப்பிலேயே வைத்திருந்தாராம். அப்பாவை 1942இல் ஆர்லுக்குப் பக்கத்தில் சாலியே முகாமில் அடைத்திருந்தார்கள். நான் பஸ்ஸில் நெல் வயலைப் பார்த்து வாயைப் பிளந்தபடி வந்தது அந்த மண்ணில்தான். 1969இல் கையேட்டின் பெயரும் வடிவமும் மாறின. ஊர் ஊராகப் போக அப்படிக் கையேடு வைத்திருக்கும் தொல்லையே ஒழிந்தது 2017இல்!

நான் உன் தாத்தாவைப் பற்றிச் சொன்னேன். குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கு வந்தது 1911 என்றேன். ராத்திரி போலீஸ் ஸ்டேஷனில் போய்ப் படுத்தது, கைநாட்டு வைத்தது, வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்கியது எல்லாம் சொன்னேன். உன்னைக் கேட்காமல் சொன்னது தப்பென்றால் அதற்கும் சேர்த்துத் திட்டு. கிழவர் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அங்கே காதை அளந்தார்களா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

அக்டோபரில் இன்னொரு திருவிழா இருக்கிறது, அதற்கும் வருவாராம். விடுதியில் ஒரு தடவை தாத்தாவின் சீட்டை எனக்குக் காட்டினாய். இன்னும் வைத்திருக்கிறாயா? இருந்தால் இரண்டு பக்கமும் படமெடுத்து அனுப்பு. காது அளவு உண்டா என்று பார்த்து எழுது.

உன்,
மச்சான்