இரண்டு ஆன்டிவைரஸில் ஒன்றை எடுத்துவிடு

கோத்தகிரி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மல்லிகா,

கடிதம் கிடைத்தது. பெரியவன் திண்டுக்கல்லில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. அண்ணனுக்கு முழங்கால் வலி குறைந்ததா? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே நீ. இங்கே பச்சைத் தேயிலை விலை ஏறின பாடில்லை. கவாத்து வெட்ட ஆள் கிடைக்கவில்லை என்று மாமா தினமும் புலம்புகிறார். காட்டெருமைகள் பட்டப்பகலிலேயே ரோட்டைக் கடக்கின்றன. சின்னவளைத் தனியாக டியூஷனுக்கு அனுப்ப யோசனையாக இருக்கிறது.

உன் கடைக் கம்ப்யூட்டர் விஷயத்துக்கு வருகிறேன். காலையில் ஆன் பண்ணினால் திரை வெகுநேரம் அப்படியே நிற்கிறது, ஸ்கேன் பண்ணிய ஆதாரைத் திறந்தால் சுற்றிக்கொண்டே இருக்கிறது, நடுவில் நீலத் திரை வந்து தானாக ரீஸ்டார்ட் ஆகிறது என்றெல்லாம் எழுதியிருந்தாய். வந்து பார்த்த பையன், கம்ப்யூட்டரின் மெமரி (ராம்) போதவில்லை என்றானாம். புது மெமரி வாங்க இப்போது காசு செலவழிக்காதே. கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒன்று சொன்னாயே, பழைய ஆன்டிவைரஸுக்கு இன்னும் ஆறு மாதம் பாக்கி இருக்கிறது, பயத்தில் இன்னொன்றும் வாங்கிப் போட்டேன் என்று. எனக்கு அங்கேதான் சந்தேகம்.

உன் பயம் நியாயமானது. வத்தலக்குண்டு ரோடும் பழனி ரோடும் சேருகிற பெருமாள்மலையில் கடை. 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் எங்கள் நீலகிரிக்கும் இ-பாஸ் வந்த பிறகு, முகம் தெரியாதவர்கள் எத்தனை பேர் பிரிண்ட் எடுக்கப் பென் டிரைவை நீட்டுகிறார்கள்! ஃபோல்டரெல்லாம் ஷார்ட்கட்டாக மாறிப்போன பென் டிரைவ் இங்கே என் கடைக்கும் அடிக்கடி வருகிறது. ஊர்க்காரர்களின் பட்டாவும் சாதிச் சான்றிதழும் உன்னை நம்பி அந்த மெஷினில் கிடக்கின்றன. இன்னொரு காவல் இருக்கட்டும் என்று நினைத்தது அக்கறையால்தான். ஆனால் ஆன்டிவைரஸ் இரண்டானால் காவல் அதிகமாகாது மல்லிகா, குறையும்.

மற்ற சாஃப்ட்வேர் போல ஆன்டிவைரஸ் மேலோட்டமாக ஓடுவதில்லை. விண்டோஸின் அடிமட்டத்தில், கெர்னல் என்கிற இடத்தில், டிரைவர் என்கிற தன் சின்ன புரோகிராமைப் போட்டு வைத்திருக்கும். நீ எந்த ஃபைலைத் தொட்டாலும் அதை நிறுத்திப் பார்த்த பிறகுதான் விடும். அங்கே இரண்டு இருந்தால், ஒன்று சோதிப்பதற்காக ஃபைலைத் திறக்கும். யாரோ ஃபைலைத் திறக்கிறார்களே என்று மற்றொன்று அதையும் நிறுத்திச் சோதிக்கும். கொண்டை ஊசி வளைவில் இரண்டு பஸ் எதிரெதிரே வந்து, நீ பின்னால் எடு, நீ எடு என்று நிற்குமே, அந்த நிலைமைதான். உனக்குத் திரை சுற்றுவது அதனால்தான். இரண்டு ஆன்டிவைரஸின் டிரைவர் புரோகிராம்களும் முட்டிக்கொண்டால் நீலத் திரை. ஒன்று பிடித்து அடைத்து வைத்த வைரஸை மற்றொன்று கண்டு திரும்ப எச்சரிக்கை அடிப்பதும் உண்டு. ஒன்றின் ஃபைலையே மற்றொன்று சந்தேகப்பட்டு முடக்கிவிட்டால் இன்னும் மோசம், காவல் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு நீ வேலை பார்த்துக்கொண்டிருப்பாய்.

அந்த அடிமட்டத்தில் ஒரு பிசகு என்ன செய்யும் என்பதை 2024 ஜூலை 19 அன்று உலகமே பார்த்தது. கிரவுட்ஸ்ட்ரைக் என்கிற பாதுகாப்பு மென்பொருள் கம்பெனி அனுப்பிய ஒரே ஒரு பிழையான அப்டேட்டால், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி, 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கின. விமானங்கள்கூட நின்றுபோயின. அங்கே பிசகியது ஒரே ஒரு பாதுகாப்பு மென்பொருள்தான்.

விண்டோஸோடு வருகிற டிஃபெண்டர் இதில் நல்ல பிள்ளை. வேறு ஆன்டிவைரஸ் போட்டு, அது விண்டோஸின் செக்யூரிட்டி சென்டரில் பதிவாகிவிட்டால், தானாக ஒதுங்கிக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய இரண்டும் ஒன்றுக்கொன்று அப்படி ஒதுங்குவதில்லை.

எதை வைத்துக்கொள்வது என்று கேட்பாய். புதியதை வை. ஆறு மாதக் காசு வீணாகிறதே என்று அண்ணன் சொல்வார். ஒரு நாள் கடை நின்றால் போகிற காசை அவரிடம் சொல். எடுப்பதற்கு முன் இரண்டின் லைசென்ஸ் கீயையும் நோட்டில் எழுதிக்கொள். நெட்டைத் துண்டித்துவிட்டு, செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய்ப் பழையதை அன்இன்ஸ்டால் செய், ரீஸ்டார்ட் பண்ணு. ஃபோல்டரை மட்டும் கையால் அழித்துவிடாதே, டிரைவர் உள்ளே தங்கிவிடும். முறையாக எடுத்தாலும் சில சமயம் மிச்சம் தங்கும் என்பதால்தான் பெரிய கம்பெனிகள் தங்கள் சாஃப்ட்வேரைத் துடைத்தெடுக்கத் தனிக் கருவி தருகின்றன. அது தேவைப்பட்டால் நெட்டைத் திரும்ப இணைத்து, கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்கு. சாதாரணமாக ஓடவில்லை என்றால், விண்டோஸ் அவசியமானதை மட்டும் ஏற்றித் தொடங்குகிற சேஃப் மோடில் ஓட்டு. பிறகு விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் போய்ப் பார். ஆன்டிவைரஸ் என்று ஒரே பெயர்தான் ஆனில் இருக்க வேண்டும்.

இரண்டாவது கண் வேண்டும் என்ற உன் ஆசைக்கும் வழி இருக்கிறது. அதே இடத்தில் டிஃபெண்டரின் பீரியாடிக் ஸ்கேனிங்கை ஆன் பண்ணி வை. எப்போதும் விழித்திருக்காது, அவ்வப்போது மட்டும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுப் போகும். அதனால் சண்டை வராது.

அடுத்த முறை இன்னொரு லைசென்ஸ் வாங்கத் தோன்றினால் அந்தக் காசில் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கிவிடு. கடை மூடும்போது அன்றைய ஃபைல்களைக் காப்பி பண்ணி, ஒயரைக் கழற்றி வை. மாட்டியே வைத்திருந்தால், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற ரான்சம்வேர் வரும்போது அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். எந்த ஆன்டிவைரஸும் தராத நிம்மதியை அது தரும், உறுதியாகச் சொல்கிறேன்.

மெஷின் இன்னும் விண்டோஸ் 10-ஆ? அதற்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. 11 ஏறுமா என்று பார்க்க வேண்டும். மாடல் பெயரையும், இரண்டு ஆன்டிவைரஸின் பெயர், வெர்ஷனையும் வாட்ஸ்அப்பில் போட்டோ எடுத்து அனுப்பு. சரியான கருவி எது என்று பார்த்துச் சொல்கிறேன். புதன்கிழமை இங்கே மின்தடை, அன்று மட்டும் கூப்பிடாதே.

அன்புடன்,
ஜெயந்தி