நாற்காலியைக் கொடுத்தோம், வாசற்படியைப் பார்த்தோமா?

அன்புள்ள தலைவர் அவர்களுக்கும் செயற்குழு நண்பர்களுக்கும்,

வணக்கம். 22 ஆண்டுகளாக இந்தச் சேவைச் சங்கத்தில் இருக்கிறேன். அதில் நான்கு ஆண்டுகள் செயலாளர் பொறுப்பு. இதையெல்லாம் நேரில் சொல்லலாமே என்று கேட்பீர்கள். சொல்லிப் பார்த்துவிட்டேன். நிகழ்ச்சி நிரலின் கடைசியில் வரும் 'இதர விஷயங்கள்' என்ற தலைப்பில்தான் எனக்கு இடம் கிடைத்தது. அதற்குள் பாதிப் பேர் வண்டிச் சாவியைக் கையில் எடுத்துவிட்டார்கள். அதனால் எல்லா உறுப்பினர்களும் படிக்கும்படி எழுதுகிறேன்.

போன கூட்டத்தில் உறுப்பினர் எண்ணிக்கை ஏன் குறைகிறது என்று ஒரு மணி நேரம் பேசினோம். இளைஞர்களுக்குச் சேவை மனப்பான்மை இல்லை என்றார் ஒருவர். புது லோகோ வேண்டும் என்றார் இன்னொருவர். இன்ஸ்டாகிராம் பக்கம் தொடங்கத் தீர்மானம் நிறைவேறியது. நாம் செய்கிற வேலை யாருக்காவது பயன்படுகிறதா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை. கேட்க வைத்தது அதற்கு அடுத்த வாரம் நான் பார்த்த ஒரு நாற்காலி.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நம் ஆண்டு விழா மேடையில் சக்கர நாற்காலி பெற்றுக்கொண்ட பெரியவர் ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் படம் அந்த ஆண்டறிக்கையின் பின்னட்டையில் இருக்கிறது. நாற்காலியைச் சுற்றிப் பதினோரு பேர் நிற்கிறோம், அதில் நானும் ஒருவன். வீட்டில் அந்த நாற்காலி ஒரு மூலையில் கிடந்தது. அதன்மேல் மடித்த துணிகள், ஒரு பழைய வானொலிப் பெட்டி. முன்பக்கச் சின்னச் சக்கரங்களில் ஒன்று உடைந்துபோய், அதைப் பிடித்திருந்த கவை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

"உட்காருவதில்லையா ஐயா?" என்றேன்.

"உட்கார்ந்தா கால் தொங்குது தம்பி. வாசல்ல மூணு படி வேற. என்னைத் தூக்கி இறக்கிட்டு அப்புறம் நாற்காலியையும் தூக்கணும். மக ஒருத்தியால எத்தனை தடவை முடியும்?"

சக்கரம் உடைந்தபோது யாரிடம் சொல்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லையாம். நாற்காலியின் முதுகில் நம் சங்கத்தின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது. தொலைபேசி எண் இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் சக்கர நாற்காலி வழங்குவதற்கான வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. அதில் எட்டுப் படிகள். தேவைப்படுபவரைக் கண்டறிந்து அனுப்பிவைப்பது, அவருடைய உடல்நிலையையும் அவர் வாழும் இடத்தையும் மதிப்பிடுவது, ஏற்ற நாற்காலி எதுவென்று முடிவுசெய்வது, பணம் ஏற்பாடு செய்து வாங்குவது, வந்ததைத் தயார்செய்வது, அவரை உட்காரவைத்துப் பொருத்திப் பார்ப்பது, பயன்படுத்தப் பயிற்சி கொடுப்பது, பிறகு பராமரிப்பும் பழுதுபார்ப்பும். பொருந்தாத இருக்கையில், மெத்தைகூட இல்லாமல், உடலில் உணர்வு குறைந்த ஒருவர் மணிக்கணக்காக உட்கார்ந்தால் அழுத்தப் புண் வரும். சில நேரம் அது உயிருக்கே ஆபத்தாக முடியும். எட்டுப் படிகளில் நாம் செய்தது நான்காவதை மட்டும். ஒன்பதாவதாக ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டோம்.

நம்மிடம் பணம் இல்லாமல் இப்படி ஆகவில்லை. அவர் வீட்டுக்கு ஒருமுறை போய் ஒரு டேப்பை வைத்து அளந்திருந்தால் போதும். அந்த ஆண்டு உறுப்பினர்களில் நாலு பேருக்குத் தச்சு வேலை, வெல்டிங் வேலை தெரியும். படிக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளம் போட ஒரு ஞாயிற்றுக்கிழமை பிடித்திருக்கும்.

பெரிய அமைப்புகளின் கதையைப் பார்த்தால் இதில் ஒரு விஷயம் புரிகிறது. 1925இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நடந்த லயன்ஸ் மாநாட்டில் ஹெலன் கெல்லர் பேசினார். பார்வையற்றோருக்காகப் போராடும் வீரர்களாக இருங்கள் என்று அவர்களைக் கேட்டுக்கொண்டார். லயன்ஸ் தொடங்கி அப்போது எட்டே ஆண்டுகள். இன்றைக்கும் அந்தப் பெயரைச் சொன்னால் கண் சிகிச்சைதான் பலருக்கு ஞாபகம் வருகிறது. பார்வையும் செவியும் இழந்த ஒருவரே வந்து எங்களுக்கு இது வேண்டும் என்று கேட்டார், அவர்களும் உட்கார்ந்து கேட்டார்கள். நம் செயற்குழு அறைக்குள் நம்மிடம் உதவி பெற்ற ஒருவர் கடைசியாக எப்போது வந்து பேசினார்? மினிட்ஸ் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தேன். 22 ஆண்டில் ஒருமுறைகூட இல்லை. நன்றி சொல்ல மேடையில் ஏற்றியிருக்கிறோம். அது வேறு.

அடுத்தது ரத்ததான முகாம். இதில் கை வைத்தால் கோபம் வரும் என்று தெரியும், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஆண்டுக்கு ஒருமுறை, சங்கம் தொடங்கிய நாளில், கூட்டம் கூட்டி ரத்தம் எடுக்கிறோம். எத்தனை பை என்று பேனர் வைக்கிறோம். சரி, எடுத்த ரத்தம் எவ்வளவு நாள் இருக்கும்? சிவப்பணுக்களை அதிகபட்சம் 42 நாள் வைக்கலாம். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் பொதுவாக 5 நாள்தான் தாங்கும். அதாவது, நம் முகாம் முடிந்து இரண்டு மாதம் ஆவதற்குள் அந்த ரத்தத்தின் சிவப்பணுக்களும் தட்டணுக்களும் பயனில் இருக்காது. போன ஆண்டு முகாமுக்கு வந்த ரத்த வங்கி ஊழியர் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒரே நாளில் இவ்வளவு பேரை அனுப்பாதீங்க சார், பிரிச்சுப் பிரிச்சு அனுப்புங்க" என்றார். தலையாட்டினேன். ஆண்டறிக்கையில் முந்தைய ஆண்டின் எண்ணிக்கையை முறியடித்ததாக எழுதினேன்.

இதை மாற்ற விழாவும் வேண்டாம், மேடையும் வேண்டாம். கொடையாளர் பட்டியல் நம்மிடம் இருக்கிறது. ஆரோக்கியமான ஒருவர் முழு ரத்தம் கொடுத்தபின் சில மாத இடைவெளிவிட்டு மறுபடியும் கொடுக்கலாம். எத்தனை மாதம் என்பதை ரத்த வங்கியே சொல்லும். பட்டியலைப் பன்னிரண்டாகப் பிரித்து, வாரத்துக்குப் பத்துப் பேருக்குத் தொலைபேசியில் பேச ஓர் ஆள் இருந்தால் ஆண்டு முழுவதும் ரத்தம் போய்க்கொண்டே இருக்கும். அந்த ஆள் வீட்டை விட்டுக்கூட வெளியே வர வேண்டியதில்லை. கூட்டத்துக்கு வர முடியாத, மேடை ஏறப் பிடிக்காத எத்தனையோ பேருக்கு ஏற்ற வேலை இது.

ஆனால் அப்படிப்பட்டவர்களை நாம் சேர்த்துக்கொள்வதில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஓர் இளம்பெண் சேர்ந்தார். இரவுப் பணி. "வாரத்தில் ரெண்டு மணி நேரம் என்னால தர முடியும், கணினியில எந்த வேலைனாலும் செய்றேன்" என்று முதல் நாளே சொன்னார். பதவியேற்பு விழாவில் பூங்கொத்து எடுத்துக் கொடுக்கும் வேலையை அவருக்குக் கொடுத்தோம். அடுத்த விழாவிலும் அதே வேலை. நான்கு கூட்டத்துக்கு வரவில்லை என்பதால் வருகை விதியைச் சுட்டிக்காட்டி ஒரு கடிதம் அனுப்பினோம். அனுப்பியது நான்தான். செயலாளர் என்ற முறையில் முறையாகக் கையெழுத்துப் போட்டேன். அவர் பதில் எழுதவில்லை, சந்தாவும் கட்டவில்லை. பிறகு தற்செயலாகத் தெரியவந்தது, அவர் பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வு எழுதிக் கொடுக்கப் போய்க்கொண்டிருக்கிறார். சேவை மனப்பான்மை இல்லையாம் இளைஞர்களுக்கு!

2010 ஜனவரியில் ஹெய்டியில் நிலநடுக்கம் வந்தபோது, உலகின் பல மூலைகளில் இருந்த தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தெருக்களையும் இடிந்த கட்டடங்களையும் முகாம்களையும் வரைந்தார்கள். மீட்புப் பணிக்குப் போனவர்கள் அந்த வரைபடத்தைப் பயன்படுத்தினார்கள். வரைந்தவர்களிடம் யாரும் வருகைப் பதிவேட்டை நீட்டவில்லை.

"பாரம்பரியம் என்ன ஆவது?" என்று மூத்தவர்கள் கேட்பார்கள். 1905இல் சிகாகோவில் தொடங்கிய ரோட்டரிக்கு அந்தப் பெயர் வந்ததே, உறுப்பினர்களின் அலுவலகங்களில் இடம் மாறி மாறிக் கூடியதால்தான். வாராந்திரக் கூட்டம் என்பது அவர்களுக்கு நூறு ஆண்டுக்கு மேலான வழக்கம். 2016இல் அதையே தளர்த்திவிட்டார்கள். மாதத்துக்கு இரண்டு கூட்டம் போதும், உறுப்பினர் வகைகளையும் அந்தந்தச் சங்கமே முடிவுசெய்துகொள்ளலாம் என்றார்கள். அதே அமைப்பு, பெண்களைச் சேர்த்ததற்காக 1978இல் ஒரு சங்கத்தையே வெளியே தள்ளியது. 1987இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்த பிறகுதான் பெண்களுக்குக் கதவு திறந்தது. நமக்கு அந்தத் தடை இல்லை என்று பெருமைப்பட வேண்டாம். நம் செயற்குழுவில் பதினான்கு பேர். பெண்கள் இரண்டு பேர். இருவரும் வரவேற்புக் குழு.

இன்னொன்று. முடிந்துபோன வேலையை முடிந்தது என்று சொல்ல நமக்குத் தெரியவில்லை. நம் தட்டச்சு வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். போன பருவத்தில் மூன்று மாணவர்கள். அதில் இரண்டு பேர் நம் உறுப்பினர்களின் பிள்ளைகள், அப்பா திட்டியதால் வந்தவர்கள். மூடலாம் என்று யாராவது வாயெடுத்தால், அது நம் முதல் தலைவர் தொடங்கியது என்று பதில் வருகிறது. அவர் இன்று இருந்திருந்தால் அவரே பூட்டியிருப்பார் என்பது என் எண்ணம். தட்டச்சு தெரிந்தால் வேலை கிடைத்த காலத்தில் ஆரம்பித்தவர் அவர், காலத்தைப் பார்த்து நடந்தவர்.

போலியோவுக்கு எதிராக 1938இல் அமெரிக்காவில் ஓர் அமைப்பு உருவானது. மார்ச் ஆஃப் டைம்ஸ் (March of Dimes; டைம் என்பது பத்து சென்ட் காசு) என்று பெயர் பெற்றது. மக்களிடம் சில்லறைக் காசாகத் திரட்டி ஆராய்ச்சிக்குக் கொடுத்தார்கள். 1955இல் ஜோனாஸ் சால்க்கின் தடுப்பூசி பலனளிக்கிறது என்ற அறிவிப்பு வந்தது. எந்த நோக்கத்துக்காகக் கூடினார்களோ அது கிட்டத்தட்டக் கைகூடிவிட்டது. மூன்று ஆண்டுக்குள், 1958இல், பிறவிக் குறைபாடுகளைத் தடுக்கும் வேலைக்குத் திரும்பினார்கள். இன்றும் தாய்சேய் நலத்துக்காக இயங்குகிறார்கள். அவர்களும் போலியோ பெயரைச் சொல்லிக்கொண்டு ஆண்டுதோறும் கேடயம் வழங்கிக்கொண்டே இருந்திருக்கலாம்.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் ஒன்றுமில்லை. இந்த ஓராண்டுக்குப் புதிய திட்டம் எதையும் தொடங்க வேண்டாம். கடந்த ஐந்து ஆண்டுகளில் நாம் உதவி கொடுத்த வீடுகளுக்குத் திரும்பப் போவோம், இரண்டு இரண்டு பேராக, பேனர் இல்லாமல். கொடுத்தது பயன்பட்டதா, இப்போது என்ன தேவை என்று கேட்டு எழுதிக்கொண்டு வருவோம். அந்தக் குறிப்புகள் அடுத்த கூட்டத்தின் முதல் பொருளாக இருக்கட்டும். அதைப் படிக்கும்போது உதவி பெற்றவர்கள் மூன்று பேராவது அறையில் இருக்கட்டும், அவர்களுக்கும் வாக்கு இருக்கட்டும். வருகை விதியை நிறுத்திவைத்து, செய்த வேலையை மட்டும் பதிவேட்டில் எழுதலாம். மாதம் இரண்டு மணி நேரம் தருகிறவரும் முழு உறுப்பினர்தான் என்று ஒரு தீர்மானம் போடலாம். சந்தா கட்ட முடியாதவரிடம் சந்தா கேட்க வேண்டாம். பதவியேற்பு விழாவுக்கு ஒதுக்கிய தொகையைப் பழுதுபார்ப்புச் செலவுக்கு மாற்றலாம். இதில் எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள், வீடுகளுக்குத் திரும்பப் போவதை மட்டும் வெட்டாதீர்கள். என்ன மாற்றம் செய்ய வேண்டும் என்று அங்கே இருப்பவர்கள்தான் நமக்குச் சொல்ல முடியும்.

உறுப்பினர் எண்ணிக்கை அதனால் கூடுமா என்று கேட்டால், தெரியாது. குறையவும் செய்யலாம். மேடைக்காக வந்தவர்கள் சிலர் போய்விடுவார்கள்.

பூங்கொத்து கொடுக்கச் சொன்ன அந்தப் பெண்ணுக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். இதைச் சங்கத்தின் பெயரில் அனுப்ப அனுமதி தந்தால் நல்லது. தராவிட்டால் என் பெயரில் அனுப்பிக்கொள்கிறேன்.

பெரியவரின் நாற்காலிக்கு முன்சக்கரம் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். கால் வைக்கும் தட்டையும் கொஞ்சம் உயர்த்த வேண்டும். வரும் ஞாயிறு காலை எட்டு மணிக்குப் போகிறேன். படிக்குச் சாய்தளம் போட மரம் அறுக்கத் தெரிந்த ஒருவர் கூட வந்தால் மதியத்துக்குள் வேலை முடிந்துவிடும். ஸ்பேனர் என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்,
முன்னாள் செயலாளர்