ரெண்டு குதிரைக்கும் கை குடுத்த எல்லாருக்கும் நன்றி

ரொம்ப நாளா எழுதணும் எழுதணும்னு தள்ளிப் போட்டுட்டே வந்தது இது. போன வாரம் செவலையும் புது வீட்டுக்குக் கிளம்பிட்டான், லாயம் காலியா கெடக்கு, கைக்கு வேலை இல்ல, அதான் இன்னிக்கு உக்காந்துட்டேன்.

ரெண்டும் ஒரே வண்டியிலதான் வந்துச்சு. இனிமே ரேஸுக்கு ஆகாதுன்னு ஆனதும் கை மாறி கை மாறி கடைசியில கசாப்புக்கு எடை பேசிட்டு இருந்த எடத்துலருந்து கூட்டிட்டு வந்தோம். செவலைக்கு அப்போ அஞ்சு வயசுதான். குதிரை 25, 30 வருஷம் கூட இருக்கும், ரெண்டு வயசுல ஓட விட்டு அஞ்சு வயசுல முடிஞ்சுதுன்னா மிச்ச காலத்துக்கு அது எங்க போகும்? தோத்த குதிரைக்குத்தான் இந்த கதின்னும் இல்லீங்க, 1986ல அமெரிக்காவோட பெரிய ரேஸான கென்டக்கி டெர்பிய ஜெயிச்ச ஃபெர்டினாண்ட்ங்கிற குதிரையே 2002ல ஜப்பான்ல கசாப்புக்குத்தான் போச்சு. சரி விடுங்க, நன்றி சொல்ல வந்துட்டு புலம்பிட்டு இருக்கேன்.

முதல்ல டாக்டர் அக்கா. குதிரையோட உடம்புக்கு 1லருந்து 9 வரைக்கும் மார்க் போடுவாங்க, எங்க பொண்ணுக்கு, அதான் செவலை கூட வந்த பெண் குதிரைக்கு, வந்த அன்னிக்கு 2. விலா எலும்ப ஒவ்வொண்ணா எண்ணலாம். பாவமா இருக்கேன்னு நான் தானியத்த பக்கெட் நெறைய எடுத்துட்டுப் போறேன், அக்கா ஃபோன்லயே கத்துனாங்க, "பட்டினி போட்டவன் கொல்லல, நீ சோறு போட்டுக் கொன்னுடாத"ன்னு. பட்டினி கெடந்த குதிரைக்கு திடீர்னு மாவுச்சத்து உள்ள போனா ரத்தத்துல இருக்குற பாஸ்பேட் மாதிரி உப்பெல்லாம் சடார்னு எறங்கி இதயமே நின்னுடலாமாம். அதனால வெறும் குதிரைமசால்ங்கிற தீவனத் தழைதான், அதுவும் கொஞ்சூண்டு, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவ, ராத்திரியும் சேத்து, பத்து நாளுக்கு மெதுமெதுவா கூட்டணும்.

அந்த ராத்திரி ரெண்டு மணி ஷிஃப்ட்டுக்கு வந்த தம்பி தங்கச்சிங்களுக்கு எப்படி சொல்றதுன்னே தெரியல. அதுல ஒருத்தனுக்கு குதிரைன்னாலே பயம், வேலிக்கு வெளியவே நின்னு தீவனத்த எட்டிப் போட்டுட்டு ஓடிடுவான், ஆனா ஒரு நாள் கூட லேட் இல்ல.

லாடம் அடிக்கிற அண்ணன், ரேஸுக்குப் போட்டிருந்த அலுமினிய லாடத்தக் கழட்டுனப்ப குளம்பு ஓரமெல்லாம் பொடிப்பொடியா உதிர்ந்துச்சு, "வளரும், அவசரப்படாதீங்க"ன்னு சொல்லிட்டு அஞ்சு வாரத்துக்கு ஒரு தடவ நாங்க கூப்பிடாமயே வந்து நின்னீங்க.

செவலைக்கு முன்னங்கால் தசைநாண் கிழிஞ்சிருந்துச்சு. அது ஆற ஒன்பது மாசத்துலருந்து ஒரு வருஷம் ஆகும், நடுவுல துள்ளி ஓடிட்டான்னா மறுபடி முதல்லருந்து. அதனால கயித்தப் புடிச்சிட்டு சும்மா நடக்கணும், முதல்ல அஞ்சு நிமிஷம், அப்புறம் பத்து, இப்படியே மாசக்கணக்கா. இத விட போரடிக்கிற வேலை ஒலகத்துலயே கெடையாது. தெனமும் வந்து நடத்திட்டுப் போன பெரியவருக்கு கும்பிடு. "எனக்கும் முட்டி வலி, அவனுக்கும் கால் வலி, ஜோடி சரிதான்"னு சிரிப்பீங்களே ஐயா.

ஓட்டப் பழக்குன அக்காவுக்கும் நன்றி. கடிவாளத்த இழுத்தா நிக்கும்னுதான் நான் நெனச்சிருந்தேன், ரேஸ் குதிரை இழுக்க இழுக்க அதுலயே சாஞ்சு இன்னும் வேகமா போகும்னு கீழ விழுந்தப்புறம்தான் தெரிஞ்சுது. ஏறுற வரைக்கும் அசையாம நிக்கவும் அதுக்குத் தெரியாது, ஜாக்கியத்தான் நடக்க நடக்கவே தூக்கி விட்டுடுவாங்களே. எல்லாத்தையும் திரும்ப அ ஆவன்னாலருந்து சொல்லிக் குடுத்தீங்க. பணம் அனுப்பினவங்களுக்கு தனித்தனியா மெசேஜ் போட்டுட்டேன், யாராவது விட்டுப்போயிருந்தா மன்னிச்சுக்கோங்க.

அப்புறம், செவலைய முதல்ல கூட்டிட்டுப் போன குடும்பம். மூணே வாரத்துல "எங்களால முடியல, பயமா இருக்கு"ன்னு ஃபோன் பண்ணீங்க. அன்னிக்கு எனக்கு அவ்ளோ கோவம், சரியா பேசக்கூட இல்ல. யோசிச்சுப் பாத்தா, யாரோ ஒருத்தருக்கு சத்தமில்லாம தள்ளி விட்டிருக்கலாம், அவன் இங்க வந்ததே அப்படி தள்ளித் தள்ளித்தான். நீங்க வெக்கப்படாம உண்மைய சொல்லி எங்ககிட்டயே திரும்ப கொண்டாந்து விட்டீங்க. அதனாலதான் இப்ப சரியான எடத்துக்குப் போயிருக்கான். அன்னிக்குப் பேசுனதுக்கு சாரி.

கடைசியா, பழைய லாயத்துல எங்க பொண்ணப் பாத்துக்கிட்ட அண்ணா. நீங்களே நம்பர் தேடிப் புடிச்சு கூப்பிட்டு, வலது பக்கமா போனா மிரளுவா, காத தொடாதீங்க, கழுத்துக்குக் கீழ சொறிஞ்சு விட்டா தூங்கிடுவான்னு சொன்னீங்க. எல்லாம் அப்படியேதான் இருந்துச்சு. ஃபோட்டோ கேட்டிருந்தீங்கல்ல, அனுப்பியிருக்கேன். வயிறு கொஞ்சம் போட்டுட்டா, திட்டாதீங்க.